குவாட் பைக் டை ரொட்: தண்டை விட முனையைப் பாருங்கள்

நாலு சில்லு ரேஸ் குவாட்டுக்கு, ஹாண்டிலின் திருப்பலை முன்சில்லுக்குக் கொண்டுபோகும் தண்டான டை ரொட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நடுத் தண்டின் தடிப்பையும் நிறத்தையும்தான். ஆனால் விழுந்தெழும்பிய பைக்குகளில் தண்டு பெரும்பாலும் வளைந்துதான் இருக்கும். முறிந்து சில்லைத் தன்பாட்டில் திரும்ப விடுவது முனையிலுள்ள போல் ஜொயின்டின் (உருண்டை மூட்டின்) கழுத்து, இல்லாவிட்டால் அது தண்டுக்குள் ஏறுகிற புரி. ஓட்டத்தில் ஒரு பக்கம் விட்டுப் போனால் ஹாண்டிலை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பைக் நம் சொல் கேட்காது. ஆகவே காசை முதலில் முனையில் போடுங்கள்.

தண்டுக்கு 4130 குரோமொலி உருக்கு, 7075-டி6 அலுமினியம் இரண்டும் கிடைக்கின்றன. பலத்தில் 7075 சளைத்ததல்ல. விறைப்பில்தான் பின்தங்குகிறது, உருக்கில் மூன்றிலொரு பங்குதான். கல்லில் சில்லு மோதும்போது டை ரொட் நசுங்கி வளையப் பார்க்கும். அதைத் தாங்குவது விறைப்பும் விட்டமும். உருக்குக் கம்பிக்குச் சமமாக நிற்க அலுமினியக் கம்பி ஏறக்குறைய 1.3 மடங்கு விட்டம் இருக்க வேண்டும். ஒரே தடிப்பில் அலுமினியத்தைத் தந்து ‘லேசானது’ என்று விற்றால் வாங்க வேண்டாம். 6061 என்று போட்டிருந்தால் 7075இன் பாதியளவு பலம்தான். நீளமும் முக்கியம்: அகல ஏ ஆம் (சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் கை) போட்டு டை ரொட் 35 சென்ரிமீற்றரிலிருந்து 40 ஆகும்போது, அதே தண்டு வளையாமல் தாங்கும் சுமை கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்துவிடும்.

நம் ஊருக்கு நான் சொல்வது குரோமொலிதான். நிலாவெளி, குச்சவெளிக் கரையில் ஓடும் பைக்கில் உப்பு ஏறாத இடமில்லை. அலுமினியத் தண்டுக்குள் உருக்கு முனை பூட்டியிருந்தால், உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் சேர்ந்து அலுமினியப் புரியைத்தான் தின்னும், அதுவும் வெளியே தெரியாமல். உருக்கு துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். அடிபட்டால் பெரும்பாலும் வளைந்து காட்டும். இருக்கிற அலுமினியத்தையே போடுவதென்றால் புரியில் அன்டி-சீஸ் (புரி இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசாமல் பூட்டாதீர்கள்.

முனையில் இரண்டு வகை. றப்பர் பூட் போட்ட மூடிய போல் ஜொயின்ட் ஒன்று, உருண்டை வெளியே தெரியும் திறந்த ஹைம் ஜொயின்ட் மற்றது. ஹைம் துல்லியமானது, விலகும் கோணமும் கூட. ஆனால் மணலுக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைற், சிர்கோன் என்ற தாதுக்கள் இருக்கின்றன. சிர்கோன் துணிக்கை உருக்கையே அராவும். கரையோரம் ஓடுகிறவர்களுக்கு மூடிய ஜொயின்ட்தான் சரி. ஹைம் வேண்டுமென்றால் ரெஃப்ளோன் உறையுள்ளதை எடுத்து, சீல் பூட் போடுங்கள். அந்த உறையில் கிறீஸ் பூசக் கூடாது, மணல் ஒட்டிக்கொள்ளும்.

ஹைம் பூட்டும்போது உயிரைக் காப்பது ஒரு வாஷர். ஒரு பக்கம் மட்டும் பிடித்த போல்டில், வெளிப்புறத்தில், ஜொயின்டின் கூட்டை விட அகலமான வாஷர் கட்டாயம் வேண்டும். உள்ளே உருண்டை தேய்ந்து கழன்றாலும் தண்டு போல்டை விட்டு விழாது. அடுத்தது, கொம்பனி நக்கிளில் (சில்லைத் தாங்கித் திருப்பும் பாகத்தில்) துளை கூம்பாக இருந்தால் அதற்குள் நேர் போல்டைச் செருகிவிட்டு இறுக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். போல்ட் ஒரு விளிம்பில் மட்டும் தாங்கும், ஆடும், பின் அறுந்துவிடும். கூம்புக்குப் பொருந்தும் புஷ் போட வேண்டும், அல்லது லேத்தில் துளையை அளவாக நேராக்க வேண்டும். போல்ட் 10.9 தரத்துக்குக் குறையக் கூடாது. நைலொன் லொக் நட்டைக் கழற்றினால் புதிது போடுங்கள்.

புரி எவ்வளவு உள்ளே போக வேண்டும்? உருக்குத் தண்டில் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அலுமினியத்தில் இரண்டு மடங்கு. எம்10 முனையென்றால் 15 மில்லிமீற்றர், அல்லது 20. பூட்ட முன்னரே முனையின் உள்நுனியிலிருந்து அளந்து, அந்த இடத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். சீரமைத்து முடித்த பிறகும் கோடு வெளியே தெரிந்தால் தண்டு கட்டை. நீளமானது வாங்க வேண்டும். இரு முனைகளையும் ஒரே அளவு புரி ஏற்றித் தொடங்காவிட்டால், ஒன்று ஆழமாகப் போய் மற்றது நுனியில் தொங்கும்.

ஒரு முனை இடப்புரி, மற்றது வலப்புரி. புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றரென்றால் தண்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற நீளம் 2.5 மில்லிமீற்றர் மாறும். இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றுங்கள். டோ (முன்சில்லுகள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்க்கும்போது ஹாண்டில் நேராகவும், டயர்க் காற்று சமமாகவும், ஓட்டுபவர் இருக்கையிலும் இருக்கட்டும். அச்சு உயரத்தில் டயர்களின் நடுவில் சோக்குக் குறி போட்டு முன்னால் அளந்து, குறிகள் பின்னால் வரும்வரை உருட்டித் திரும்ப அளந்து பாருங்கள். முன்பக்கம் 3 முதல் 6 மில்லிமீற்றர் குறைவாக இருப்பது வழக்கம். உங்கள் பைக்கின் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி.

முனையைத் தண்டோடு பூட்டும் லொக் நட்டை இறுக்கும்போது முனையை ஸ்பானரால் அசையாமல் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் ஜொயின்ட் ஒரு பக்கம் சரிந்து நின்று, சில்லு ஏறி இறங்கும்போது கழுத்தில் முட்டும். இதைச் சோதிக்க ஷொக்கைக் கழற்றி, ஹாண்டிலை முழு இடமும் முழு வலமுமாக வைத்து, ஏ ஆமைக் கீழிருந்து மேல்வரை கையால் தூக்குங்கள். எங்காவது உலோகம் உலோகத்தில் தொட்டால் அந்த இடம்தான் முறியப் போகிறது. அப்போதே சில்லு தானாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பினால் டை ரொட்டும் ஏ ஆமும் ஒத்துப் போகவில்லை.

மூடிய ஜொயின்டின் நட்டில் கொட்டர் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகும் ஊசி) துளை நேர் வராவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள், இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள்.

தண்ணீர்க் குழாயில் புரி வெட்டி டை ரொட் செய்து தருமாறு பட்டறையில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். லேத்காரரின் கைவேலையில் குறையில்லை, குறை அந்த மென்னிரும்புக் குழாயில். வளைந்ததை நிமிர்த்திப் போடுவதும், வெல்டிங் அடித்துப் போடுவதும் அதே ஆபத்து. 7075 வெல்டிங்குக்கே உகந்ததல்ல.

ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பிறஷர் தண்ணீரை றப்பர் பூட்டின் விளிம்பில் காட்டாதீர்கள். பிறகு ஒருவர் ஹாண்டிலைச் சிறிதாக இடம் வலம் அசைக்க, மற்றவர் ஜொயின்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும். தண்டு தன் அச்சில் கொஞ்சம் உருள்வது சாதாரணம். நீளவாக்கில் விரலில் தட்டுப்பட்டால் முனையை மாற்ற வேண்டும். வெளியூர் ஓட்டத்துக்குப் போகும்போது இடப்புரி ஒன்று, வலப்புரி ஒன்று, அவற்றுக்கான லொக் நட்டுகள் கையிருப்பில் இருக்கட்டும். இடப்புரி நட் இங்கே நினைத்த கடையில் கிடைக்கிற சாமானல்ல.