ஓங்கலுக்குச் சொந்தம் பன்றியா, வெள்ளாடா?

மண்டபத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். டிஎன்ஏ பாடம் வந்தால், புரதம் செய்யும் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மற்றதைக் குப்பை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ அந்த மற்றதுதான் உயிர். ஓங்கலுக்கு, அதாவது டால்பினுக்கு, பன்றி நெருங்கிய சொந்தமா வெள்ளாடா என்பதைக்கூட அதை வைத்தே சொல்லிவிடலாம்.

பன்றியையே பாருங்கள். டியூராக் இனப் பெண் பன்றி ஒன்றின் மரபணுத்தொகுதி, அதாவது முழு டிஎன்ஏ, 2012இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. ஏ, டி, ஜி, சி என்று குறிக்கும் டிஎன்ஏ எழுத்துகள் 250 கோடிக்கு மேல். ஏறத்தாழ 40 சதவீதம் வந்ததே திரும்பத் திரும்ப வருவது. அதில் பிஆர்இ-1 என்றொரு துண்டு, 230 எழுத்து சொச்சம், ஏதோ ஒரு காலத்தில், புரதம் செய்ய அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்என்ஏவின் மரபணுவிலிருந்து பிறந்தது. இது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, மறுபடி டிஎன்ஏவாகி, வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பழையதும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த வேலைக்கு வேண்டிய நொதிகூட அதனிடம் கிடையாது. 'லைன்' எனும் நீளமான துண்டுகள் செய்யும் நொதியை வாங்கித்தான் பிழைக்கிறது.

இந்தத் துண்டின் நகல்கள் எக்கச்சக்கம், அதுவும் பன்றி வகைக்கே உரியவை. அதனால் கலப்பட இறைச்சியில் துளி பன்றிக்கறி இருந்தாலும் டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையில் தெரிந்துவிடும். பக்கத்து ஊர் வேதாளையிலிருந்து வரும், பன்றிக்கறி விலக்கான முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்படி ஒட்டிய துண்டு சுவடில்லாமல் கழன்று போவது மிக அரிது. இரண்டு விலங்குகளில் தனித்தனியாக ஒரே இடத்தில் வந்து ஒட்டுவதும் அரிதுதான். ஆகவே ஒரே இடத்தில் ஒரே துண்டு இருந்தால், இரண்டுக்கும் பாட்டன் ஒருவனே.

ஜப்பானில் நொரிஹிரோ ஒக்காடா என்ற உயிரியலாளரின் குழு 1997இல் இந்த வழியில் திமிங்கிலத்தின் சொந்தத்தைத் தேடியது. திமிங்கிலம், நீர்யானை, மாடு, செம்மறி எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்த துண்டுகள் பன்றியில் இல்லை, ஒட்டகத்திலும் இல்லை. அதுவரை நீர்யானையைப் பன்றியோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள். 1999இல் திமிங்கிலமும் நீர்யானையும் மட்டும் பகிரும் துண்டுகளும் கிடைத்தன. பாகிஸ்தானில் கிடைத்த, கால் இருந்த காலத்துப் பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு, மாடு, ஆடு, பன்றி போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளுடையதைப் போலவே இருப்பது 2001இல்தான் வெளியானது.

நம் மன்னார் வளைகுடாவில் துள்ளும் ஓங்கலும் திமிங்கிலக் கூட்டம்தான். ஆகவே அதற்குப் பன்றியைவிட, மாடு, செம்மறி கூட்டத்தைச் சேர்ந்த நம் வீட்டு வெள்ளாடு நெருங்கிய சொந்தம். ஆவுளியா எனும் கடற்பசு இந்தக் கூட்டத்திலேயே வராது, அது யானை வழி. அதைத் தனியாக எழுதுகிறேன்.