முள் இறங்கியதும் சந்தோஷப்பட்டேன்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் மாருதி 800 ஒன்பதாவதைத் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை அணைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, முள் சடாரென்று கீழே விழுந்தது. "அப்பாடா, எறங்கிடுச்சு" என்றேன். மனைவிதான் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க, ஏதோ இனிப்பா வாடை அடிக்குதே?"

ஓரங்கட்டினேன். ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் தணியும் என்பார்களே என்று லீவரை முழுக்கச் சிவப்புப் பக்கம் தள்ளினேன். "இந்த வெயில்லயா?" என்றாள். வந்தது வெறும் காற்று, சூடே இல்லை. இன்ஜின் கொதிக்கிறது, ஹீட்டர் மட்டும் சில்லென்று ஊதுகிறது. ஹீட்டருக்குச் சூடு இன்ஜின் தண்ணீரிலிருந்துதான் வரும். அப்போதுதான் உறைத்தது, ஏர் லாக். தண்ணீர் ஓடும் பாதையில் காற்று சிக்கி அடைத்துக்கொண்டிருக்கிறது.

முள்ளை ஆட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். சுற்றிலும் காற்றோ ஆவியோ சேர்ந்துவிட்டால் குறைத்துக் காட்டும். அந்த இறக்கத்தை நம்பி இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும்.

முக்கால் மணி நேரம் மூடியைத் தொடவில்லை. எங்கள் ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று அது தாங்கும் அழுத்தத்தைப் பொறித்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்துக்குத்தான் அடிக்கும். ஆறிய பிறகு குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஏற்காட்டை மறந்துவிட்டுக் கீழே இறங்கினோம்.

காரணம் தெரிந்ததுதான். நாலு நாள் முன்பு மேல் ஹோஸ், அதாவது இன்ஜினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் மேல் ரப்பர் குழாய், மாற்றியிருந்தேன். ஒர்க்‌ஷாப் பையன் ரேடியேட்டர் வாயில் தண்ணீர்க் குழாயைச் செருகி, வழிந்ததும் மூடியைத் திருகிவிட்டான். நானும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

குடத்தைத் தொட்டிக்குள் நேராகக் கவிழ்த்து அமுக்கினால் தண்ணீர் ஏறுமா? கொஞ்சம் சாய்த்தால்தான் பொளக் பொளக்கென்று காற்று வெளியேறி நிரம்பும். இன்ஜினும் அப்படித்தான். குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்கிற வால்வு தண்ணீர்ப் பாதையை மூடியிருக்கும், சுமார் 82 டிகிரியில்தான் திறக்கும். அதுவரை ரேடியேட்டர் நிறைந்த மாதிரி தெரியும், உள்ளே காற்று உட்கார்ந்திருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிற ஹீட்டர் இன்னொரு பொந்து.

"வால்வைக் கழட்டிப் போட்டுட்டா ஏர் லாக்கே வராது சார்" என்று ஒருவர் சொன்னார். நம் ஊரில் பாதி வண்டிகளுக்கு இதுதான் வைத்தியம். இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடும், ஹீட்டர் பொந்தில் காற்று அப்படியே இருக்கும். மாட்டேன் என்றுவிட்டேன்.

மறுநாள் காலை பழைய தண்ணீரை வடித்துவிட்டு நானே உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் கார் ஏற்றும் சாய்தளம் இருக்கிறது. மூக்கு மேலே இருக்கும்படி அதில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குச் செங்கல் வைத்தேன். ரேடியேட்டர் வாய்தான் இப்போது உச்சி. ஹீட்டர் லீவர் முழுச் சூட்டில். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, கழுத்தில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி வாயில் இறுக்கமாகச் செருகினேன். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. எங்கள் போர் தண்ணீர் டேப் முனையிலேயே வெள்ளையாகப் பூக்கிறது, அதை ரேடியேட்டருக்குள் விட மனசு வரவில்லை.

நூல் மாதிரி மெதுவாக ஊற்றினேன். இரண்டரை லிட்டரில் நின்றுவிட்டது. மேல் ஹோஸை மாட்டு மடியைப் பீய்ச்சுவது போல அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழி குமிழியாக வந்தது. இன்னும் அரை லிட்டர் இறங்கியது!

பாட்டிலில் பாதி நிற்கும்படி வைத்துக்கொண்டு, மூடி போடாமலே வண்டியை ஐடிலில் ஓடவிட்டேன். பத்து நிமிஷம் வரை மேல் ஹோஸ் தொட்டால் சில்லென்றே இருந்தது. பிறகு திடீரென்று கை வைக்க முடியாத சூடு. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அதே நேரம் பாட்டிலில் பெரிதாக ஒரு 'பொளக்', மட்டம் மடமடவென்று இறங்கியது. விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை குமிழி வந்தது. மனைவி உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப அனலா வருதுங்க" என்றாள்.

அணைத்து, முழுக்க ஆறவிட்டு, பாட்டிலை எடுத்து மூடியைப் போட்டேன். சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கூலன்ட் இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துவிடும்.

அன்று ஒரு சுற்று ஓட்டி வந்து, மறுநாள் காலை பார்த்தபோது ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கூலன்ட் டப்பாவில் ஃபுல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. மீதிக் காற்று வெளியேறிய இடத்துக்கு ரேடியேட்டர் அதிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. நிரப்பினேன். மூன்றாம் நாள் கோடு மாறவில்லை. வெட்டிய பாட்டில் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குப்பை என்று நினைத்து மனைவி இரண்டு முறை தூக்கிப் போடப் பார்த்துவிட்டாள்.