பேங்க் லெட்டரை நாமளே போஸ்ட் பண்ணனும்

2008 மே மாசம் கோயம்புத்தூர்ல ஒரு ஆடிட் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்தேன், சி.ஏ படிக்கறவங்க ஆடிட்டர்கிட்ட எடுக்கற ட்ரெய்னிங் அது. சேர்ந்த புதுசுல ஒரு ஸ்பின்னிங் மில் ஆடிட்டுக்கு அனுப்பினாங்க, வவுச்சரை எல்லாம் டிக் அடிச்சு முடிச்சதும் சீனியர் சார் பேங்க் கன்ஃபர்மேஷன் லெட்டரை எடுன்னாரு. மில்லோட லெட்டர்ஹெட்ல எம்.டி கையெழுத்தோட போற லெட்டர் அது. மார்ச் 31ம் தேதி எங்க கணக்குல எவ்ளோ இருக்கு, எஃப்.டி எவ்ளோ, லோன் எவ்ளோ, எதை அடமானம் வெச்சிருக்கோம், எல்லாத்தையும் எங்க ஆடிட்டருக்கு நேரா எழுதி அனுப்பிடுங்கன்னு இருக்கும்.

கையெழுத்து வாங்கப் போனப்போ மில் அக்கவுண்டண்ட், ரொம்ப நல்ல மனுஷன், "ஏனுங்க தம்பி, அதெதுக்கு போஸ்ட்டுல அனுப்பிட்டு, எங்கிட்ட குடுங்க, மத்தியானம் பேங்க்குக்குத்தான் போறேன், சீல் போட்டு சாயங்காலமே வாங்கியாந்தர்றனுங்க"ன்னாரு. எனக்கு வேலை மிச்சம்னு குடுத்துட்டேன். சொன்ன மாதிரியே சாயங்காலம் வந்துருச்சு. சீனியர் சார் அதைப் பாத்துட்டு "கவர் எங்க?"ன்னு கேட்டாரு. கவர் இல்லைங்க சார், கையில குடுத்தாங்கன்னேன். அவ்ளோதான், அந்த பேப்பரை ஒதுக்கி வெச்சுட்டு புதுசா லெட்டர் அடிக்கச் சொல்லி, பேங்க் அட்ரஸை அவரே தேடி எழுதி, பதில் வர ஆபீஸ் அட்ரஸ் போட்ட கவர் ஒண்ணும் உள்ள வெச்சு, என்னைய போஸ்ட் ஆபீஸுக்கு அனுப்பினாரு. இவ்ளோ சந்தேகமா, அந்த மனுஷன் என்ன நினைப்பாருன்னு எனக்கு மனசுக்குள்ள கோவம்.

எதுக்கு இவ்ளோ சந்தேகம்ங்கறதுக்கு எட்டு மாசத்துல பதில் கிடைச்சுச்சு. 2009 ஜனவரி 7, புதன்கிழமை, ஹைதராபாத்ல சத்யம்ங்கற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியோட சேர்மன் ராமலிங்க ராஜு எழுதின லெட்டர் வெளிய வந்துச்சு. 2008 செப்டம்பர் 30ம் தேதி கணக்குப்படி கையிலயும் பேங்க்லயும் இருக்கறதா புக்ல காட்டினது 5,361 கோடி, அதுல 5,040 கோடி கிடையவே கிடையாதுன்னு அவரே எழுதியிருந்தாரு. அந்தக் காலாண்டு லாபமா 649 கோடி காட்டியிருந்தாங்க, நிஜமா வந்தது 61 கோடி. இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டி வேற வரவேண்டியிருக்குன்னு கணக்குல நிக்குது. அன்னிக்கு ஆபீஸ்ல யாரும் வேலை பாக்கல, எல்லாரும் டிவி முன்னாடிதான். சரக்குன்னா எண்றதுல தப்பு வரும், நம்மகிட்ட கடன் வாங்கினவன் திருப்பித் தருவானா மாட்டானான்னு யோசிக்கணும், ஆனா பேங்க் பேலன்ஸ் ஒரே ஒரு லெட்டர்ல தெரிஞ்சு போற விஷயமாச்சே, அது எப்படி தப்பும்?

லெட்டர் போன வழியிலதான் தப்புச்சு. பிரைஸ் வாட்டர்ஹவுஸோட இந்திய ஆபீஸ்கள்தான் சத்யமோட ஆடிட்டர். 2011 ஏப்ரல்ல அமெரிக்காவோட ஷேர் மார்க்கெட் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி 60 லட்சம் டாலர், அங்க ஆடிட்டர்களைக் கண்காணிக்கற பி.சி.ஏ.ஓ.பி 15 லட்சம் டாலர் அபராதம் போட்டப்போ சொன்ன முக்கியமான குறையே இதுதான், கன்ஃபர்மேஷன் வேலையை ஆடிட்டர் தன் கையில வெச்சுக்காம கம்பெனிக்காரங்க கையில விட்டுட்டாங்கன்னு. படிச்சப்போ எனக்கு அந்த அக்கவுண்டண்ட் நீட்டின கைதான் ஞாபகம் வந்துச்சு. அவர் நல்லவர், அதுல மாத்தமே இல்ல, ஆனா சத்யம்லயும் லெட்டரைக் கேட்டு வாங்கினவங்க நல்லவங்க மாதிரிதானே இருந்திருப்பாங்க.

ஆடிட் எப்படி பண்ணணும்னு சொல்ற ஸ்டாண்டர்டு புஸ்தகத்துல எஸ்.ஏ. 505னு இருக்கறது இதேதான், யாருக்கு அனுப்பணும்னு முடிவு பண்றது, அனுப்பறது, பதில் வாங்கறது எல்லாம் ஆடிட்டர் கட்டுப்பாட்டுல இருக்கணும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினா ரெண்டு மார்க், அவ்ளோதான் தோணும்.

அதே 2009 மார்ச் 31 ராத்திரி அந்த மில் குடோன்ல ஸ்டாக் எண்ணப் போனோம். நூல் மூட்டை அட்டி போட்டு வெச்சிருந்தாங்க, நீளத்துல 12, அகலத்துல 6, உயரத்துல 8, பெருக்கி 576னு எழுதிட்டேன், ரெஜிஸ்டர்லயும் 576. சார் "மேல ஏறிப் பாத்தியா?"ன்னாரு. ஏறிப் பாத்தா நடுவுல ஷெட்டோட தூண், அதைச் சுத்தி அட்டி போட்டதுல அந்த இடத்துல மேலயிருந்து கீழ வரைக்கும் எட்டு மூட்டை இல்ல, நிஜத்துல 568. மோசடி ஒண்ணும் இல்ல, அவங்களும் என்னைய மாதிரியே பெருக்கி எழுதியிருக்காங்க. அந்த மில் லாபத்துக்கு முன்னாடி எட்டு மூட்டை சின்ன தொகை, மெட்டீரியாலிட்டிக்குள்ள, அதாவது கணக்கைப் படிக்கறவங்க முடிவை மாத்தற அளவுக்குள்ள வராது, ஆனாலும் திருத்தச் சொல்லி எழுதி வெச்சோம். அப்புறம் ரெஜிஸ்டர்ல பத்து லாட் எடுத்து குடோன்ல தேடணும், குடோன்ல பத்து லாட் எடுத்து ரெஜிஸ்டர்ல தேடணும்னாரு. முதல் தேடல்ல இல்லாத சரக்கை இருக்குன்னு எழுதினது மாட்டும், ரெண்டாவதுல இருக்கற சரக்கை எழுதாம விட்டது மாட்டும். கிளம்பறப்போ கேட்ல உள்ள வந்த சரக்கோட கடைசி இன்வர்ட் நம்பரையும் வெளிய போன சரக்கோட கடைசி கேட் பாஸ் நம்பரையும் குறிச்சுக்கிட்டோம், ஏப்ரல்ல போன சரக்கை மார்ச்லயே வித்ததா காட்டினா அது பிடிக்கும்.

ஆடிட்டர் கையெழுத்து போட்டா எல்லாம் சரின்னு அர்த்தமான்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. ஆண்டு ஆடிட்ல தர்றது நியாயமான அளவு உறுதி, நூத்துக்கு நூறு கேரண்டி கிடையாது, ஏன்னா எடுத்துப் பாக்கறது சாம்பிள்தான். லிஸ்டட் கம்பெனி மூணு மாசத்துக்கு ஒருக்கா விடற ரிசல்ட்டுக்கு வர்ற லிமிடெட் ரிவ்யூல அதைவிடக் கம்மி, பெரும்பாலும் கேள்வி கேக்கறதும் நம்பரை ஒப்பிட்டுப் பாக்கறதும்தான். ஷேர் வாங்கறவங்க இந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, குவாலிஃபைடு ஒப்பீனியன்னு இருந்தா தகுதியானதுன்னு சந்தோஷப்படாதீங்க, ஏதோ ஒரு இடத்துல ஆடிட்டருக்கு திருப்தி இல்லைன்னு அர்த்தம், அந்தப் பாராவை முதல்ல படிங்க.

இப்போ நானே ஆபீஸ் நடத்தறேன். போன வருஷம் எங்க ஆர்ட்டிகிள் பொண்ணு ஒரு பி.டி.எஃப் கொண்டு வந்து, சார், கன்ஃபர்மேஷன் வந்துருச்சுன்னுச்சு. பேங்க்கோட மெயில் ஐ.டியில இருந்து வந்துச்சாம்மான்னேன், இல்ல சார், கிளையன்ட் ஃபார்வர்டு பண்ணாங்கன்னுச்சு. மூஞ்சி வாடிப்போச்சு. பக்கத்துல உக்கார வெச்சு அந்த 5,040 கோடி கதையைச் சொன்னேன், பிராஞ்ச் மெயில் ஐ.டியை பேங்க் வெப்சைட்ல தேடி எடுத்து அதுவே திரும்ப அனுப்புச்சு. 19 நாள் கழிச்சு பேங்க்ல இருந்து நேரா பதில் வந்துச்சு, பைசா மாறாம டேலி ஆச்சு, அந்த மெயிலை, எங்கயிருந்து வந்துச்சுன்னு காட்டற ஹெடரோட பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டுருக்கோம்.