அந்த ஒயின் பாரில் இப்போது கரோக்கே

சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கில் ஒயின் பார் இருக்கிறது என்றால் கோலாலம்பூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடுகிற ஊரில் ஒயினா என்கிறார்கள். ஏன் இருக்கக்கூடாது? ஆசிரியைகள் இருக்கிறார்கள், விமான நிலையத்தில் ஷிப்டு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாத என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். நான் செம்பனை ஆலையில் கணக்கெழுதுகிறவள்.

கடை 2019 கடைசியில் திறந்தது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பல் கிளினிக். நடத்துகிற தம்பி பக்கத்துத் தோட்டத்துப் பையன்தான். உல்லாசக் கப்பலில் பல வருஷம் பரிமாறும் வேலை பார்த்து, ஒயினைப் பற்றி அங்கேயே கற்றுக்கொண்டு வந்தவன். வாசலில் '21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை' என்ற அறிவிப்பு, உள்ளே ஒரு கரும்பலகை, சில மேசைகள், அவ்வளவுதான். பாட்டில் 750 மில்லி, கிளாஸ் 150 மில்லி, ஆக ஐந்து பேருக்கு ஒரு பாட்டில் என்று முதல் நாளே எனக்குக் கணக்குச் சொன்னான். ஆலையில் நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு இங்கேயுமா என்று கேட்டேன்.

முதல் தடவை தோழிகள் இரண்டு பேரோடு போனபோது கடைசி மேசையில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். தெருவில் போகிற யாராவது பார்த்துவிட்டால்? எங்கள் மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, சொந்தச் சம்பளம், சொந்தக் கார். இருந்தாலும் அந்தப் பயம் தோட்டத்திலிருந்தே கூட வந்தது.

எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை, தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். சம்பள நாளன்று அம்மா என்னை அனுப்புவார்: "போயி அப்பாவ கூட்டிட்டு வா, காச எல்லாம் அங்கேயே விட்டுடப் போறாரு." உள்ளே போகக்கூடாது. கம்பி அடித்த ஜன்னலுக்கு வெளியே நின்று கத்த வேண்டும். புளித்த வாடையோடு ஆண்களின் குரல்களும் சேர்ந்து வரும். யாராவது ஒருவர், "டேய், ஒன் மவ வந்துருச்சு" என்பார். அப்பா வருவார், வழியில் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். குடித்த பெண்களும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் பெயர் எங்கள் லயத்தில் மெதுவாகத்தான் சொல்லப்படும்.

இந்தக் கள்ளுக்கடைகள் தொழிலாளிகள் கேட்டு வாங்கியவை அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளிகளுக்குச் சமமான சம்பளம் வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது என்பதோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். கள்ளுக்கடை அதற்கப்புறமும் பல காலம் இருந்தது, என் அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, லயங்கள் காலியானபோதுதான் எங்கள் கடை போனது. ஆண்கள் டவுனுக்கு வந்து சீனன் கோப்பிக்கடையில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு மாறினார்கள், கையில் காசு குறைந்தவர்கள் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கு. சம்சு எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மது பல உயிர்களைக் கொண்டுபோனதும் எங்களுக்கு மறக்கவில்லை.

சரி, பாருக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே புகார், 'புளிக்குது'. தம்பி சளைக்கவில்லை. சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று படித்துவிட்டு வந்த ஒரு வாத்தியாரிடம், "சார், அது அவங்க ஊரு ரூம். நம்ம ரூம் முப்பது டிகிரி" என்று சொல்லி, குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து ஊற்றினான். ஆட்டிறைச்சி வறுவலுக்கு ஆஸ்திரேலிய ஷிராஸ் என்று அவன் கொடுத்ததை நான் முதலில் நம்பவில்லை. மிளகுக் காரமும் அந்த ஒயினின் மிளகு வாசமும் ஒன்றாகப் போயின. இனிப்பான மொஸ்காட்டோ ஒயின்தான் அதிகம் விற்றது, அது வேறு விஷயம்.

திறந்து சில நாளான பாட்டிலை எனக்கு மோந்து பார்க்கக் கொடுத்தான் ஒரு தடவை. எங்கள் வீட்டு ஆப்ப மாவு வாடைக்கு அடுத்த கட்டம், கிட்டத்தட்ட வினிகர். காலையில் தித்திக்கிற கள் சாயங்காலம் புளித்து, விட்டால் காடியாகிப் போவதும் இதே கதைதான், காற்றுப் பட்டதும் நுண்ணுயிர் வேலையைக் காட்டிவிடுகிறது. அப்பா இருந்திருந்தால் ஷிராஸைக் குடித்துவிட்டு, "நேத்து எறக்குனது" என்று தள்ளி வைத்திருப்பார்.

2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மேசைகளை மடித்துவிட்டு வறுவல், பிரட்டல் என்று பொட்டலம் கட்டி விற்றான். நாங்கள் வாங்கினோம். கடை பிழைத்தது, ஆனால் திறந்தபோது வேறு கடை. கரும்பலகை போய்விட்டது. பெரிய திரையில் பந்து விளையாட்டு. பீர் டவர் வந்தது, மேசைக்கு மேசை மஞ்சள் குழாய். வாடகை கட்ட வேண்டுமே அக்கா என்றான், அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? புரட்டாசியில் தமிழ்க் கூட்டம் மொத்தமும் சைவத்துக்குப் போய்விடுகிறது, அந்த மாதம் சீன வாடிக்கையாளர்கள்தான் அவனுக்குச் சோறு போடுகிறார்கள் என்றும் சொன்னான்.

இப்போது கரோக்கே. சனிக்கிழமை இரவு ஒலிவாங்கியைப் பிடித்தவர் விடுவதில்லை. டயர் கடைக்காரருக்கு நல்ல குரல் என்பதை ஒப்புக்கொள்கிறேன், மற்றவர்களைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஒயின் பட்டியல் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது, அதில் பாதி இனிப்பு. எனக்கு ஆரம்பத்துக் கடைதான் பிடிக்கும், மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று, அந்த ஆரம்பத்துக் கடையில் எங்களைத் தவிரப் பெண்கள் அநேகமாக இல்லை. இப்போது கண்ணாடி ஓரத்து மேசைகளில், தெருவைப் பார்த்தபடி, மருத்துவமனை யூனிபார்மோடு நர்சுகள் உட்கார்கிறார்கள். மருமகளோடு வருகிற ஒரு மாமியாரையும் பார்த்தேன். அவர் மொஸ்காட்டோவில் ஐஸ் கட்டி போடச் சொன்னார், தம்பியும் முகம் சுளிக்காமல் போட்டான். கடைசி மேசையில் இப்போது ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது, அதனால் நாங்களும் முன்னுக்கு வந்துவிட்டோம்.

பல் கிளினிக் இடத்தையும் எடுத்துச் சுவரை உடைக்கப் போகிறானாம். பாதியைக் கதவு போட்டுத் தனியாக, சத்தமில்லாமல் வை என்று சொல்லியிருக்கிறேன். "பாக்கலாங்க்கா" என்றான், அதாவது மாட்டான். நீங்கள் வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை வாருங்கள், பாட்டு இல்லை. ஷிராஸ் பட்டியலில் இருக்காது. கேட்டால் கீழ்த்தட்டிலிருந்து எடுப்பான்.