செவலைக்கு இரத்தசோகை

ஜூன் 4, காவேரிப்பட்டணம்

எங்கள் பூனை செவலை சுவரை நக்கிக்கொண்டே இருக்கிறான். சுண்ணாம்பு உதிர்ந்த மூலை, மாடிப்படிக்கு அடியில் கொட்டிய மணல், எதையும் விடுவதில்லை. கருவாட்டுச் சோற்றை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டான். உதட்டை விலக்கிப் பார்த்தேன்: ஈறு உரித்த நுங்கின் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. உடம்பும் கொதித்தது.

"காய்ச்சல்தானே, பாராசிட்டமால் பாதி கொடு" என்றார் அத்தை. பூனைக்கு அது நஞ்சு. அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, சிவப்பணுக்களே கெட்டுவிடும். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வைத்தியம் வந்தது: இரும்புச்சத்து டானிக்.

ஜூன் 5

கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனேன். பஸ் முழுக்க மாம்பழக் கூடைகள். என் கூடை மட்டும் கத்திக்கொண்டு வந்தது.

மருத்துவர் ஊசியை எடுக்கவில்லை. முதலில் ஈரப் பஞ்சால் இடுப்பு ரோமத்தைத் துடைத்தார். ரோமத்தில் மிளகுத்தூளாகத் தெரிந்தவை பஞ்சில் செந்நிறமாகக் கரைந்தன. "தெள்ளுப்பூச்சியின் எச்சம் சார். இவன் இரத்தம்தான் இது."

பிறகு சில துளி இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் சுழலவிட்டார். சிவப்பணுக்களின் பங்கு 14 சதவீதம். 25க்குக் கீழே போனாலே பூனைக்கு இரத்தசோகை. மீதித் துளியை அப்போதே கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றினார். சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் கிருமி ஏதும் இருந்தால், எடுத்துவைத்த இரத்தத்தில் அது கழன்றுவிடுமாம். நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன். சிவப்பணுக்களின் ஓரங்களில் ஊதா நீலப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் என்ற கிருமி, சிவப்பணுக்களில் ஒட்டி அவற்றை உடைப்பது. தெள்ளுதான் பரப்புகிறது என்று கருதுகிறார்கள். இரத்தசோகை தரக்கூடிய இன்னொன்றான பூனை லுகீமியா வைரஸ் சோதனையில் ஒன்றும் இல்லை.

டானிக் பற்றிக் கேட்டேன். "இரும்பு குறைந்ததால் வந்ததில்லை. அணு உள்ளேயே உடைகிறது, அதன் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும். உடைப்பவனைத்தான் பிடிக்க வேண்டும்." இந்த வாக்கியத்தை அத்தைக்காக மனப்பாடம் செய்துகொண்டேன்.

இன்னும் இறங்கினால் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். பூனை இரத்தத்தில் ஏ, பி, ஏபி என்று வகைகள். பி வகைப் பூனைக்கு ஏ இரத்தம் போனால் முதல் முறையிலேயே உயிருக்கு ஆபத்து. பொருத்தம் பார்க்காமல் ஏற்றக் கூடாது. இரத்தம் கொடுக்க, பின்தெருவில் மீன்காரம்மா வளர்க்கும் தடியன் பூனை ஒருவனை மனத்தில் குறித்துவைத்தேன்.

ஜூன் 6

கிருமியைப் பிடிக்கும் மருந்து, டாக்சிசைக்ளின், தொடங்கியாயிற்று. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும்; ஆகவே ஒவ்வொரு முறையும் பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர். சட்டையெல்லாம் தண்ணீர், கையெல்லாம் கீறல்.

தெள்ளு மருந்து கேட்ட கடையில் நாய்க்கானதை நீட்டினார்கள். அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்தது. பூனையைக் கொல்லும் சரக்கு. திருப்பிக் கொடுத்துவிட்டு, பூனைக்கென்றே வரும் ஃபிப்ரோனில் வாங்கினேன்.

ஜூன் 11

காய்ச்சல் இல்லை. கிழங்கா மீன் தலையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டான். அம்மா திட்டினார், எனக்கு அது இசையாக இருந்தது.

ஜூன் 19

சிவப்பணுக்களின் பங்கு 22 சதவீதம். எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது; தகட்டில் இளம் சிவப்பணுக்கள் நிறையத் தெரிகின்றனவாம். குணம் தெரிகிறதே என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். பலர் நிறுத்துகிறார்கள் போலும்.

ஜூலை 3

29 சதவீதம். மருந்து முடிந்தது. கிருமி ஒளிந்திருந்து மறுபடி தலைகாட்டக்கூடும் என்பதால் ஈறை அவ்வப்போது பார்க்க வேண்டும், தெள்ளு மருந்து மாதம் தவறக் கூடாது. மாடிக்குச் சோற்றுக்கு வரும் மற்ற இரண்டுக்கும் அதைப் போட்டாக வேண்டும். ஒன்று கைக்கு வரும். இன்னொன்றுக்குக் கூண்டு இரவல் கேட்டிருக்கிறேன்.