மந்திரவாதி பக்கத்துல துப்பாக்கி நின்னா என்ன தப்பு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதான் மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்து கதையா ஆடுற கேம், அதை ஆட உக்காந்தாலே எங்க கேங்ல இந்தச் சண்டை வந்துடும், ஃபேன்டஸி உலகத்துல துப்பாக்கி, ரோபோ, ரயிலெல்லாம் வரலாமா கூடாதான்னு. பாதி பேருக்கு பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில வேலை, வாரம் பூரா மெஷின் அலாரத்தோட மல்லுக்கட்டிட்டு வர்றவன் "சனிக்கிழமை ராத்திரியும் மெஷினாடா"ங்கறான். அது நியாயம் லா, ஒத்துக்கிறேன். ஆனா "அந்தக் காலத்துல ஏதுடா துப்பாக்கி"ன்னு ஒருத்தன் கேப்பான் பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பாவும். உடம்பு பூரா மூடுற இரும்புக் கவசம் 1400கள்ல வந்தது, இங்கிலாந்துல 1326ல எழுதுன ஒரு கையெழுத்துப் பிரதியிலயே பீரங்கி படம் இருக்கு. கவசத்தை மாட்டிக்கிட்டு பீரங்கி வேணாம்னா எப்படி மச்சான்?

கேமே அப்படித்தான் பொறந்துச்சு. 1974ல வந்துச்சு, மறுவருசமே, கேமை உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தரான டேவ் ஆர்னசனோட பிளாக்மூர் புத்தகத்துல வேற உலகத்து ஆளுங்களும் அவங்க கருவிகளும் வந்தாச்சு. 1980ல இன்னொருத்தரான கேரி கைகாக்ஸ் மலைக்குள்ள ஒரு விண்கப்பலையே விழுந்து கிடக்க வச்சாரு, அந்த அட்வென்ச்சர் புத்தகம் பேரு 'எக்ஸ்பெடிஷன் டு த பேரியர் பீக்ஸ்'. அதுல எனக்குப் புடிச்சதே, டிஎம், அதான் கதையை நடத்துறவரு, பொருளோட பேரைச் சொல்லாம படத்தைத்தான் காட்டணும், பிளேயர் அதை அழுத்தி திருகிப் பாத்துதான் என்னன்னு கண்டுபுடிக்கணும். "லேசர் கன் கிடைச்சிருக்கு"ன்னு டிஎம் வாயைத் தொறந்தாரு, போச்சு, எல்லாரும் ஷாப்பிங் மூடுக்குப் போயிடுவானுங்க.

நம்ம ஆளுங்களுக்கும் இது புதுசில்ல. சீவக சிந்தாமணியில சீவகனோட அம்மா விசயை தப்பிச்சுப் போறது மயிற்பொறியில, அதான் மயில் வடிவத்துல பறக்குற மெஷின்ல, விசையை வலப்பக்கம் திருகினா ஏறும், இடப்பக்கம் திருகினா இறங்கி காலை மடக்கி உக்காந்துக்கும். அதுக்கு மந்திரமே தேவைப்படல பாருங்க!

பினாங்குல ஃபோர்ட் கார்ன்வாலிஸ்ல நிக்குதே செரி ரம்பாய் பீரங்கி, அது 1603ல டச்சுக்காரங்க வார்த்தது. ஜொகூர் சுல்தான்கிட்ட இருந்ததை சுமத்ராவோட அச்சேகாரங்க தூக்கிட்டுப் போயி, அப்புறம் சிலாங்கூருக்கு வந்து, 1871ல பிரிட்டிஷ்காரன் அங்கேருந்து புடுங்கி இங்க கொண்டாந்தான். குழந்தை இல்லாத பொண்ணுங்க அதோட வாய்க்குள்ள பூ வச்சு வேண்டிக்குவாங்கன்னு சொல்லுவாங்க. இதைவிட நல்ல மேஜிக் ஐட்டம் எந்த டிஎம் எழுதுவான்? அது யார் யார் கை மாறி வந்துச்சு, ஊரு அதைப் பத்தி என்ன நம்புதுன்னு ஒரு கதை கூடவே வருது, அதான் ஒட்டுது. வெறுமனே ஸ்டாட் பிளாக்ல, அதான் கேம் எண்களைப் போடுற கட்டத்துல, டேமேஜ் நம்பர் மட்டும் போட்டு இறக்குற துப்பாக்கி எனக்கும் வேணாம்.

அதனால அடுத்த கேம்பெயின்ல, அதான் பல தடவை உக்காந்து ஆடுற தொடர்கதையில, துப்பாக்கி உண்டு. ஒரு தடவை சுட்டா மருந்து கெட்டிக்க அடுத்த டர்ன் காலி, மழையில நனைஞ்சா புஸ்ஸு. வெடிமருந்து செய்யத் தெரிஞ்சது துறைமுகத்துல ஒரே ஒரு குடும்பம்தான், கடன் கிடையாது, பேரம் பேசினா கதவைச் சாத்திடுவாங்க. பார்ட்டிக்கு, அதான் சேர்ந்து ஆடுற மொத்தக் குழுவுக்கும், ஒரு துப்பாக்கிதான் தருவேன், யாரு வச்சுக்கிறதுன்னு நீங்களே அடிச்சுக்குங்க.