கொடை நோட்டீசும் கழன்று போன கொம்பும்

ஊரில் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழா. "நோட்டீஸ நீயே போட்டுக் குடுத்துருல" என்று பெரியப்பா போனில் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் வேலை என்றாலே சொந்தக்காரர்களுக்கு நாம் டிடிபி ஆபரேட்டர், பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவன் எல்லாம்தான்.

வாட்ஸ்அப்பில் வந்த மேட்டரை அப்படியே காப்பி பண்ணி ஃபோட்டோஷாப்பில் போட்டேன். 'கொடை'யில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய்த் துணைக்காலோடு நிற்கிறது, 'குடியழைப்பு' என்ற சொல்லில் உகரம் தனியாகக் கழன்று தொங்குகிறது. உடனே எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஃபாண்டை மாற்றினேன். லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், எதைப் போட்டாலும் அதே கோலம். மூன்றாவதிலேயே புரிந்திருக்க வேண்டும், இது ஃபாண்டின் குற்றமில்லை என்று. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூளை அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி, அவ்வளவுதான் ஃபைலில் இருக்கும். அந்தக் குறியைப் பிளந்து கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளுக்குள் இருக்கும் டைப் எஞ்சினின் வேலை. என்னிடம் இருப்பது பழைய வெர்ஷன், அதில் ஆங்கிலத்துக்கான எஞ்சினையே நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிரஸ் வைத்திருக்கும் நண்பனைக் கேட்டால் "பேசாம பாமினில போடு" என்கிறான், யூனிகோட் அல்லாத பழைய தமிழ் ஃபாண்ட் அது. பக்கம் வடிவமைக்க அவனுக்கு இன்னமும் பேஜ்மேக்கர் மென்பொருள்தான், 2001இல் வந்த ஏழாவது பதிப்போடு நின்றுபோனது, யூனிகோடே தெரியாது. பாமினியில் கொம்பைத் தனியாக அடித்து, அப்புறம் ககரம், அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்பதால் உடைவதற்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் போட்டால் வெறும் குப்பை. கோவில் வரி கொடுத்தவர்கள் பட்டியலில் பெரியப்பா தினம் ஒரு பெயர் சேர்க்கிறார், ஒவ்வொன்றையும் கன்வெர்ட்டரில் போட்டு எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது.

சரி, தீர்வு. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப். அங்கே 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' அல்லது 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்று இருக்கும், வெர்ஷனைப் பொறுத்துப் பெயர் மாறும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புது ஃபைல் திறக்க வேண்டும். இது தெரியாமல் பழைய ஃபைலையே அரைமணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடித்த லேயர் என்றால் அதைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றினால் போதும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனிலும் பாராகிராஃப் மெனுவில் இதே மாதிரி ஒன்று உண்டு. கொம்பு டக்கென்று முன்னால் வந்து நின்றது, அப்பாடா.

அடுத்து 'ஸ்ரீ'. பெரியப்பா போனிலிருந்து வந்த ஸ்ரீ மட்டும் ஒரு ஃபாண்டில் கட்டமாக வந்தது. ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதலாம். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்த்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பழைய ஃபாண்டுகளில் ஶகரமே இருக்காது. அழித்துவிட்டு ஸகரத்தில் அடித்தேன், சரியாகிவிட்டது.

வரி இடைவெளியை ஆட்டோவில் விடாதீர்கள். மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி 'கீ'யின் தலையில் இடிக்கும். நான் 24 பாயிண்டுக்கு 36 வைத்தேன்.

கடைசியில் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்றான் நண்பன், அவனிடம் என் ஃபாண்ட் கிடையாதே. கர்வ் என்றால் எழுத்தை வெறும் வடிவமாக மாற்றுவது, அப்புறம் அதில் எழுத்தைத் திருத்த முடியாது. டைப் மெனுவில் கன்வெர்ட் டு ஷேப் போட்டு, பிடிஎஃப் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை பெரியப்பா போன்: "எழுத்தெல்லாம் நல்லாத்தாம்ல இருக்கு, என் பேருக்கு முன்னால இனிஷியலக் காணோமே." நல்லவேளை, கர்வ் பண்ணாத ஃபைலைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.